பைப் போகும் வழி (கடிதமும் பதிலும்)

வணக்கம் சேர்,

நான் நானுஓயாப் பக்கம் பைப் வேலையும் ஹீட்டர் வேலையும் செய்கிறேன். சின்னதாக ஒரு கடையும் இருக்கிறது. ஓ.எல். பரீட்சை முடித்துவிட்டுக் கண்டியில் ஒரு பாஸிடம் எடுபிடியாக நின்று தொழில் பழகினேன். பிறகு என்.வி.கியூ. 3 தொழிற்சான்றிதழும் எடுத்தேன்.

வேலைக்குக் குறைவில்லை சேர். கையில் காசுதான் நிற்பதில்லை. விடுதிக்காரர்கள் ஏப்ரல் சீசன் முடியட்டும் என்கிறார்கள். சீசன் முடிந்தால் ஆள் வரவில்லை என்கிறார்கள். ஹீட்டரைக் கொழும்பில் அவர்களே வாங்கி வந்து பூட்டச் சொல்கிறார்கள். சூடு காணாவிட்டால் நான் பூட்டியது சரியில்லை என்று பேச்சு. ஒருவர் கீசர் வால்வ் சொட்டிச் சுவர் பழுதாகிறது என்று விடாமல் நச்சரித்ததால் அதற்கு ஒரு பிளக் போட்டுக் கொடுத்தேன், அந்தக் காசும் இன்னும் வரவில்லை. நான் பழக்கிய இரண்டு பையன்கள் கொழும்புக்குப் போய்விட்டார்கள். பக்கத்துத் தோட்டத்தில் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, வரும் பைப் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வெடிக்கிறது. நான் பைப்பை இணைத்து ஒட்டிய சொக்கட் சரியில்லை என்று தலைவர் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். மாமனார் வீட்டில் என்னைப் பற்றிப் பேசும்போது "கக்கூஸ் பைப் நோண்டுகிறவர்" என்கிறார்களாம்.

கட்டாரில் மச்சான் இருக்கிறார், வரச் சொல்கிறார். கடையை மூடிவிட்டுப் போகவா? நான் எழுதிய சிறுகதை ஒன்றையும் இணைத்திருக்கிறேன். போட்டால் என் பெயர் வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் கட்டார் இல்லை. ஒரே இடத்தில் வெடிக்கும் அந்தப் பைப்தான். கொஞ்ச நாளாக நானும் அதே யோசனையில் இருக்கிறேன். அதற்கு வருவதற்குள் மற்றவற்றை முடித்துவிடுவோம்.

மாமனார் வீட்டுப் பேச்சை விடுங்கள். தண்ணீர் நின்ற அன்று முதல் போன் அங்கிருந்துதான் வரும். பையன்கள் போனதற்கும் மனம் நோக வேண்டாம், நீங்களும் கண்டி பாஸை விட்டுவிட்டு வந்தவர்தானே. கதையை வாசித்தேன். மழை வர்ணனை நீளம்.

கடன் விஷயத்தில் எனக்கு உங்கள்மேல் இரக்கம் வரவில்லை. சாமான் காசை முன்னால் வாங்காமல் வேலை தொடங்கியது யார்? 2022 மார்ச்சில், ஒரே மாதத்துக்குள், டொலர் 200 ரூபாயிலிருந்து 300க்குப் போனது. பெப்ரவரியில் சொன்ன விலைக்கே வேலையைச் செய்து கொடுத்து முழுகிப்போன தொழில்காரர்களை எனக்குத் தெரியும். பித்தளை வால்வும் ஹீட்டரும் கப்பலில் வருகிற சாமான். விலையை எழுதிக் கொடுங்கள், ஏழு நாளைக்குத்தான் செல்லும் என்று அடியில் போடுங்கள். வந்து பார்ப்பதற்குத் தனிக்காசு. கேட்க வாய் வராது என்பீர்கள். நம் ஆட்களுக்குச் சம்பளம் கேட்கத் தலைவர் வேண்டும், சங்கம் வேண்டும். தன் கைவேலைக்குத் தானே விலை சொல்லச் சொன்னால் தலையைச் சொறிவோம். போதும் அந்தப் பழக்கம்.

கொழும்பு ஹீட்டர் சங்கதியில் உங்கள்மேல் பிழை இல்லை. ஆனால் அதைக் கணக்கோடு சொல்லத் தெரியாமல் திட்டு வாங்குகிறீர்கள். 3.5 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் ஒன்று, நிமிடத்துக்கு 4 லீட்டர் ஓடினால், தண்ணீரை 12 பாகை சொச்சம்தான் ஏற்றும். கொழும்பில் குழாயில் வருவதே 27, 28 பாகைத் தண்ணீர். 40 ஆகிவிடும், சுகமாகக் குளிக்கலாம். நுவரெலியாவில் ஜனவரிக் காலையில் தாங்கித் தண்ணீர் 15 பாகையில் நிற்கும்போது அதே ஹீட்டர் 27வரை கொண்டுவந்து கைவிட்டுவிடும். ஓட்டத்தை 2 லீட்டராகக் குறைத்தால் இங்கேயும் 40 வரும். ஆனால் காசு கொடுத்துத் தங்க வந்தவர் அந்த ஒழுகலுக்குக் கீழே நின்று உங்களையும் சேர்த்துத் திட்டுவார். பெரிய ஹீட்டர் போடலாம் என்றால் வயர் தாங்க வேண்டும். 3.5 கிலோவாட்டே 15 அம்பியர் இழுக்கும். இதை ஒரு அட்டையில் எழுதிக் கடையில் தொங்கவிடுங்கள், வாய் வலி மிச்சம்.

சரி, பைப்புக்கு வருவோம்.

மேலே ஊற்று, நடுவில் தேயிலை, கீழே லயம். தண்ணீர் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் ஏறக்குறைய 1 பார் கூடும். விலை குறைவென்று எல்லாரும் வாங்கிப் போடுவது டைப் 600 என்ற பிளாஸ்டிக் பைப். அது தாங்குவது 6 பார், அதாவது 60 மீட்டர் இறக்கம். நம் மலைகளில் ஊற்றுக்கும் லயத்துக்கும் நடுவே அதைவிட இறக்கம் இருப்பது சாதாரணம். பகலில் எந்த நேரமும் எங்காவது ஒரு குழாய் திறந்திருக்கும், பைப் தப்பித்துக்கொள்ளும். இரவு எல்லாரும் மூடிவிட்டுப் படுத்த பிறகு மலையளவு தண்ணீரின் பாரமும் கீழ்ச் சொக்கட்டில் வந்து இறங்கும். உங்கள் பைப் விடியற்காலையில்தான் வெடித்துக் கிடக்கிறது, இல்லையா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் பந்தயம் கட்டுவேன்.

உங்கள் கையிலும் குறை இல்லை, பைப் ஒட்டும் கம்மிலும் குறை இல்லை. ஆனால் ஒரு கேள்வியை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அந்த ஊற்றும் அந்த லயமும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அதே இடத்தில் இருக்கின்றன. முன்பு ஏன் வெடிக்கவில்லை? அன்றைக்கு இரும்பு பைப் என்பீர்கள். அது பாதிப் பதில். மீதிப் பாதி, நடுவில் ஒரு தொட்டி இருந்திருக்கும். மேலிருந்து வரும் தண்ணீர் திறந்த தொட்டியில் விழுந்தால் அதுவரை சேர்ந்த அழுத்தம் அங்கேயே தீர்ந்துவிடும். அங்கிருந்து கீழே மறுபடி பூச்சியத்தில் தொடங்கும். சீமெந்தில் கட்டிய ஆளுயரத் தொட்டி, அவ்வளவுதான்.

என் பெரியப்பா எங்கள் தோட்டத்தில் தண்ணீர் பார்த்தவர். கத்தி, வாளி, ஒரு பையில் சணல், இவற்றோடு விடியும்போதே ஏறிவிடுவார். ஊற்றுத் தொட்டியின் வலையில் அடைத்த இலையை வாரி எறிவார். ஜி.ஐ. இரும்புப் பைப்பின் மரையில் சணலைச் சுற்றிப் பெயின்ட் தடவி இறுக்குவார். அந்தப் பொருத்துகள் அவருக்குப் பிறகும் வெகுகாலம் நின்றன. கசிவு தேட ஒரு இரும்புக் கம்பி வைத்திருந்தார். ஒரு முனையைப் பைப்பில் ஊன்றி மறு முனையைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். எனக்கும் வைத்துக் காட்டியிருக்கிறார், உள்ளே எதையோ அரம் போட்டு ராவுகிற மாதிரி ஒரு சத்தம். "அடுத்த வளைவுக்குக் கீழே" என்பார். தோண்டினால் ஈரமாக இருக்கும். பைப் எல்லாம் மண்ணுக்குள். எங்கே திரும்புகிறது, எங்கே வால்வ் புதைந்திருக்கிறது என்பதெல்லாம் அவர் தலைக்குள். "சவுக்கு மரத்துக்குக் கீழே, கல் வரிசைக்கு உள்பக்கம்" என்பதுதான் அவருடைய கணக்கு.

அவர் போனார். சவுக்கு மரத்தையும் வெட்டினார்கள். நடுத் தொட்டியை மானாப்புல் மூடிவிட்டது. பிறகு வந்தவர்கள், தொட்டி வழிந்து தண்ணீர் வீணாகிறதே என்று, நல்ல எண்ணத்தோடுதான், தொட்டியை விட்டு விலக்கி நேராக ஒரு பைப்பைப் போட்டார்கள். கீழே தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. எல்லாருக்கும் சந்தோஷம், மாலைகூடப் போட்டிருப்பார்கள். அப்புறம் இரவிரவாக வெடிக்கத் தொடங்கியது. வந்து ஒட்டிய ஒவ்வொருவனும் திட்டு வாங்கினான். உங்கள் தலைவர் கூட்டத்தில் சொன்னதை வாசித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

தோட்ட ஆபீசில் பைப் வரைபடம் ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை போய்க் கேட்டேன். கிளார்க் நல்ல மனிதர். சுவரில் இருந்த படத்தைக் காட்டி விளக்கினார். ஒவ்வொரு தேயிலை மலைக்கும் நம்பர், பரப்பளவு, எந்த வருடத்துத் தேயிலை, எல்லாம் இருந்தது. பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர் வருகிற பைப்புக்கு ஒரு கோடு இல்லை. 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. 1992இல் நிர்வாகத்தை மறுபடி கம்பெனிகளிடம் கொடுத்தது. செடிக்குக் கணக்கு இருந்தது, ஸ்டோருக்குக் கணக்கு இருந்தது. பைப் மட்டும் என் பெரியப்பா மாதிரி ஆட்களின் தலைக்குள்ளேயே கிடந்து, அவர்களோடு போயிற்று. மலையகத்துக்கு வந்து இருநூறு வருடம் ஆயிற்றென்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நம் ஆட்கள் நடந்தார்கள். அவர்கள் கால்களுக்கு என் வணக்கம். ஆனால் அப்படி நடக்கத் தெரிந்த நாம் ஊற்றிலிருந்து லயம்வரை ஒரு பென்சிலோடு நடந்ததுண்டா?

இனித் திட்டு உங்களுக்குத்தான். வெடித்த இடத்தைத் தோண்டுகிறீர்கள், ஒட்டுகிறீர்கள், மூடுகிறீர்கள், அடுத்த முறை பக்கத்தில் தோண்டித் தேடுகிறீர்கள். குழிக்குள் எத்தனை அங்குல பைப், என்ன ஆழம், எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கிறீர்களா? சட்டைப் பையில் போன் இருக்கிறது. மண் போடுமுன் ஒரு படம் எடுக்க என்ன செலவு? கதையில் மழையை மூன்று பக்கம் வர்ணிக்க நேரம் இருந்ததே.

ஒரு நாற்பது பக்கக் கொப்பி வாங்குங்கள். ஓர் அழுத்தமானியும் வாங்குங்கள். அதைக் கீழ் லயத்துக் குழாயில் பூட்டி, இரவு எல்லாரும் மூடிய பிறகு பாருங்கள். 8 பார் காட்டினால், தண்ணீர் கடைசியாக வெளிக்காற்றைப் பார்த்த இடம் 80 மீட்டர் மேலே. அது ஊற்றாகவே இருந்தால் நடுத் தொட்டி வேலையில் இல்லை என்று அர்த்தம். பாதி உயரத்துப் புல்லை வெட்டிப் பாருங்கள், அங்கே எங்காவது கிடக்கும். கண்ணில் படாவிட்டால் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் வயதான அம்மாக்களிடம் கேளுங்கள். எந்தப் பீலி எந்த மாதம் வற்றும், சின்ன வயதில் எந்தத் தொட்டியில் ஒளிந்து விளையாடினார்கள் என்பதை அவர்கள் சொல்வார்கள், ஆபீசில் சொல்ல ஆள் இல்லை. ஊற்று, தொட்டி, வால்வ், வளைவு எல்லாவற்றையும் கோட்டில் போடுங்கள். அளவுப்பிரமாணம் பிழைத்தாலும் பரவாயில்லை, இத்தனை அடி என்று எழுதினால் போதும். ஒரு பிரதியை லயத்தில் பொறுப்பான ஒருவரிடம் கொடுங்கள். தோட்டம் கேட்டால் விலைக்குக் கொடுங்கள். சும்மா கொடுத்தீர்கள் என்று கேள்விப்பட்டால் எனக்குக் கோபம் வரும்.

கட்டாரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். போகலாம், போகாமலும் இருக்கலாம். அதை உங்கள் மனைவியிடம் கேளுங்கள், என்னிடம் என்ன இருக்கிறது சொல்ல. போவதென்றால் கொப்பியை எழுதி முடித்துவிட்டுப் போங்கள்.

இன்னும் ஒன்று. ஒரே வரியில், அதுவும் காசுக் கணக்கோடு சேர்த்து, நீங்கள் சொல்லிவிட்டுப் போன ஒரு விஷயத்தை வாசித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கீசரின் சேஃப்டி வால்வுக்குப் பிளக் போட்டீர்களா? என்.வி.கியூ. எடுத்த ஆள் செய்கிற வேலையா தம்பி அது? 50 லீட்டர் தண்ணீர் 15 பாகையிலிருந்து 65க்குச் சூடாகும்போது ஏறத்தாழ ஒரு லீட்டர் கூடுகிறது. அது போக இடம் வேண்டும், அதனால்தான் சொட்டுகிறது. சூட்டைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்டாட் என்றைக்காவது ஒட்டிக்கொண்டு சூடு ஏறிக்கொண்டே போனால், ஆளைக் காப்பாற்றக் கடைசியாக நிற்பது அந்த வால்வுதான். அதையும் அடைத்தால் கீசர் சுவரோடு பெயர்ந்து வெடிக்கலாம். கீழே நிற்பது யாரோ பெற்ற பிள்ளை. சுவர் நனைகிறது என்றால் வால்வ் வாயில் ஒரு ட்யூப் பூட்டிக் கீழ்நோக்கி வெளியே விடுங்கள், முனையை அடைக்காதீர்கள். ஐந்து நிமிட வேலை.

இதை வாசித்த உடனே அவருக்குப் போன் பண்ணிக் கீசர் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். காலையில் போய், தண்ணீர் நன்றாக ஆறியிருக்கிறதா என்று பார்த்து, பிளக்கைக் கழற்றுங்கள். வந்து பார்க்கும் காசு என்று மேலே சொன்னேனே, அதை இவரிடம் மட்டும் கேட்க வேண்டாம்.