அம்மாவை எங்கே கூட்டிப் போவது? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நீங்கள் ராமேஸ்வரம் போய்வந்ததைப் பற்றி எழுதியிருந்ததை என் மகள் செல்போனில் வாசித்துக் காட்டினாள். அதைக் கேட்டபிறகுதான் உங்களுக்கு எழுதலாம் என்று தோன்றியது.

எனக்கு 41 வயது. ஈரோட்டில் இருக்கிறோம். அப்பா தவறி எட்டு மாதம் ஆகிறது. 32 வருஷம் பஸ் டிரைவராக இருந்தார். அதில் பாதிக்கு மேல் ஈரோடு - மைசூர் ரூட். அம்மாவுக்கு 66. அப்பா போனதிலிருந்து வாசலைத் தாண்டுவதில்லை. சமைக்கிறார், துணி மடிக்கிறார். சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிடுகிறார்.

கொஞ்சம் மாறுதலாக இருக்கட்டும் என்று நானும் தம்பியும் சேர்ந்து பத்து நாள் காசி டூருக்குப் பணம் கட்டினோம். வரமாட்டேன் என்கிறார். பெரியம்மாவோ, "வருஷம் திரும்புறதுக்குள்ள மலை ஏறக்கூடாது, இந்த வயசுல அவளை எதுக்கு ஊர் ஊரா இழுக்கறீங்க" என்று சண்டைக்கு வருகிறார். ஒரு நாள் அம்மாவே, "உங்கப்பா ஓட்டுன பஸ்ஸுல ஒருக்கா மைசூரு வரைக்கும் போயிட்டு வரோணும்" என்றார். அங்கே போனால் அழத்தான் செய்வார் என்று நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

நாங்கள் செய்வது தப்பா அம்மா? பயணம் போனால் துக்கம் மறக்குமா? நீங்கள் எப்படி அதிலிருந்து வெளியே வந்தீர்கள்?

அன்புடன்,
ஒரு மகள், ஈரோடு

அன்புள்ள மகளுக்கு,

அம்மாவை எங்கே கூட்டிப் போவது என்று கேட்கிறீர்கள். எங்கே போகவேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். நீங்கள்தான் பேச்சை மாற்றிவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அம்மா அழக்கூடாது என்ற பிரியத்தில்தான் செய்தீர்கள். என் பிள்ளைகளும் எனக்கு அதையேதான் செய்தார்கள்.

என் கணவர் ஸ்டேஷன் மாஸ்டர். 1971-இல் கல்யாணம், எனக்கு 20 வயது. மானாமதுரைக்கும் மண்டபத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஸ்டேஷன். ஊர் பெயர் வேண்டாம். அப்போது மீட்டர் கேஜ் என்ற குறுகலான தண்டவாளம், ஒற்றைப் பாதை. குவார்ட்டர்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் இடையில் நாற்பது அடிகூட இருக்காது. வண்டி வரும்போது அடுப்படியில் டம்ளர் நடுங்கும். அந்தப் பக்கம் முழுக்க வெயிலும் வேலிக்கருவையும்தான்.

ரயில்வேயில் அவர் தரத்து ஆட்களுக்கு, ஐந்து வருஷம் சர்வீஸ் ஆகிவிட்டால் வருஷத்துக்கு மூன்று செட் இலவசப் பாஸ் உண்டு. ஒரு செட் என்றால் போக, வர. குடும்பத்தோடு இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். நாங்கள் போனதெல்லாம் கல்யாணம், சாவு, பிரசவம், அவ்வளவுதான். அவர் லீவு போட்டால் அந்த இடத்தில் நிற்க வேறு ஆள் வரவேண்டும். ராத்திரி கால அட்டவணைப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, "இந்த வண்டியில் ஏறினால் மூன்றாம் நாள் காலை காசியில் இறங்கலாம்" என்று விரலால் காட்டுவார். நானும் அந்த விரல் கூடவே போய்வருவேன்.

பயணம் என்றதும் அந்த நாட்களில் பார்த்த இன்னொரு காட்சியும் நினைவுக்கு வருகிறது. 1964-இல் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து தோட்டத் தமிழ் ஜனங்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, அங்கிருந்து ரயிலில் வருவார்கள். எங்கள் ஸ்டேஷனில் கிராஸிங்குக்காக, அதாவது எதிரே வரும் வண்டிக்கு வழிவிட, வண்டி நின்றால் நான் குடத்தோடு போவேன். ஒரு சித்திரை மாதம், உச்சிவெயிலில் ஒரு பாட்டி கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, "இங்கே ராவுக்குக் குளிருமா தாயி?" என்று கேட்டார். குளிராது பாட்டி என்றேன். அதைக் கேட்டதும் அவர் முகம் போன போக்கை என்னால் இன்றும் சொல்ல முடியவில்லை. பிறந்து வளர்ந்ததெல்லாம் அந்தக் குளிரில். தாத்தன் பாட்டன் ஊர் என்று சொல்லி அவரைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். நாமாகப் போவது வேறு, நம்மைக் கொண்டுபோவது வேறு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. உங்கள் காசி டூரைப் பற்றிப் படித்தபோது அந்தப் பாட்டியைத்தான் நினைத்துக்கொண்டேன்.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். இதை நான் இதுவரை எழுதியதில்லை.

எங்கள் முதல் குழந்தை பெண். 1973-இல் பதினோரு மாதத்தில் இறந்துவிட்டாள். வயிற்றுப்போக்கு. குழந்தைக்கு வயிற்றால் போனால் தண்ணீர் கொடுக்கக்கூடாது, கொடுத்தால் இன்னும் போகும் என்றுதான் அப்போது பெரியவர்கள் சொல்வார்கள். நானும் கொடுக்கவில்லை. நாக்கு வறண்டு அவள் என் சேலை நுனியைச் சப்பினாள். 1971-லேயே வங்காள எல்லையில், போங்காவ் அகதி முகாமில் திலீப் மகலனாபிஸ் என்ற டாக்டர் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைக் குடிக்க வைத்தே எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருந்தார். பல வருஷம் கழித்து அதைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. எங்கள் ஊருக்கு அந்தச் செய்தி வந்து சேருவதற்குள் எங்கள் குழந்தை போய்விட்டாள்.

அன்று ராத்திரி அவருக்கு டியூட்டி. குழந்தை கண்ணைச் செருகியதும் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கண்ட்ரோல் போனைக் கையில் வைத்திருந்தார். ஒரு பக்கம் எக்ஸ்பிரஸ் வந்துகொண்டிருக்கிறது, இன்னொரு பக்கம் கூட்ஸ். அவர் என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். "நீ முன்னால் போ, வண்டியை அனுப்பிவிட்டு வந்துவிடுகிறேன்" என்றார். தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனின் சம்சாரத்தோடு மாட்டுவண்டியில் போனேன். பாதி வழியிலேயே முடிந்துவிட்டது. திரும்பி வரும்போது அவர் பிளாட்பாரத்தில் பச்சை விளக்கோடு நின்றிருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு பையன், ஒரு பெண் பிறந்தார்கள். நன்றாகத்தான் வாழ்ந்தோம். அவர் மல்லிகைப் பூ வாங்காமல் சந்தையிலிருந்து திரும்பியதில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைப்பார், என் கால்வலிக்குத் தைலம் தேய்த்துவிடுவார். ஆனாலும் அந்த ராத்திரியைப் பற்றி இரண்டு பேரும் 43 வருஷம் வாய் திறக்கவில்லை. எனக்குள் அது இருந்தது. அவருக்குள்ளும் இருந்திருக்கும். இப்படி ஒன்றை நடுவில் வைத்துக்கொண்டும் இரண்டு பேர் மனசார அன்பாக இருக்க முடியும் மகளே. இதைக் கல்யாணமான புதிதில் யாராவது சொன்னால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

2005-இல் ரிட்டயர் ஆனார், 2016-இல் போய்விட்டார்.

ஓய்வுக்குப் பிறகு அவருக்கு வருஷத்துக்கு இரண்டு செட் பாஸ். அவருக்குப் பின்னால் மனைவிக்கு அதில் பாதி, ஒரு செட். அதற்கு விடோ பாஸ், அதாவது விதவைப் பாஸ் என்று பெயர். முதல் பாஸ் கைக்கு வந்தபோது அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு பீரோவில் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன். அவர் இருந்தவரை போகாத ஊர்களுக்கு, அவர் இல்லாததால் கிடைத்த பாஸில் எப்படிப் போவது? பிள்ளைகள் ஊட்டி என்றார்கள், திருப்பதி என்றார்கள். கால்வலி என்று சொல்லித் தட்டிக்கழித்தேன். கடைசியில் மகள்தான், "நீங்களே சொல்லுங்கம்மா, எங்கே போகணும்?" என்று கேட்டாள். யோசிக்காமல், "ராமேஸ்வரம் வண்டியில் ஏற்றிவிடு" என்றேன். சாமி கும்பிட என்று அவள் நினைத்துக்கொண்டாள். 2018 தை மாதம் அவளும் டிக்கெட் எடுத்துக்கொண்டு கூட வந்தாள்.

2007-லேயே அந்தப் பாதை அகலப் பாதையாகிவிட்டது. ஆனாலும் ஒற்றைப் பாதைதான். எங்கள் பழைய ஸ்டேஷனில் கிராஸிங்குக்கு வண்டியை நிறுத்திவிட்டார்கள். நான் எதிர்பார்க்கவே இல்லை. குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் முள்ளும் ஒரு மொட்டைச் சுவரும் மட்டும். இருபது நிமிஷம் நின்றிருக்கும். எங்கள் பெட்டியில் யாரும் ஏன் நிற்கிறது என்று கேட்கவில்லை. ஒரு பெண் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், எதிரில் ஒரு பெரியவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். வெளியே பிளாட்பாரத்தில், என் பேரன் வயசில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக் கொடியோடு தனியாக நின்றான். எத்தனை பெட்டி என்று எண்ண ஆரம்பித்தேன், முடியவில்லை.

நான் இத்தனை வருஷமும் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றுதான் அந்த ராத்திரியைப் பார்த்திருக்கிறேன். வண்டிக்குள் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. அந்த எக்ஸ்பிரஸிலும் இப்படித்தான் குழந்தைக்காரிகள் இருந்திருப்பார்கள், வாயைத் திறந்து தூங்கியவர்கள் இருந்திருப்பார்கள். அவர் 1967-இல் வேலைக்குச் சேர்ந்தபோது, மண்டபத்து சீனியர்கள் திரும்பத் திரும்பச் சொன்னதெல்லாம் 1964 டிசம்பர் 22 ராத்திரியைப் பற்றித்தான். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் வண்டியை அப்படியே கடல் கொண்டுபோன ராத்திரி. அதை எனக்கும் சொல்லியிருக்கிறார், நான் கதையாகக் கேட்டிருக்கிறேன். ஒரு வண்டி ஜனத்தின் பாரம் அவர் தோளில் எப்படி உட்கார்ந்திருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கோபம் போய்விட்டதா என்றால், முழுசாகப் போகவில்லை. என் குழந்தை அல்லவா? ஆனால் அந்தக் கோபத்துக்குப் பக்கத்தில் அவரும் வந்து உட்கார்ந்துகொண்டார்.

பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்தது. பழைய பாலம், 1914-இல் திறந்தது. காற்று ஒரு அளவைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகிவிடும் என்று அவர் சொல்வார். அன்றைக்குக் காற்று இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாலம் முடிகிற வரைக்கும் அழுதேன். மகள் பயந்துபோய், "வந்திருக்கவே கூடாதும்மா" என்றாள். எனக்கோ இரண்டு வருஷத்தில் அன்று ராத்திரிதான் பசித்தது. ராமேஸ்வரத்தில் நான்கு இட்லி சாப்பிட்டேன்.

காசிக்கு அதற்கப்புறம்தான் போனேன், 2019 கார்த்திகையில், கங்கா காவேரி எக்ஸ்பிரஸில் மகனோடு. அவர் விரல் காட்டிய ஊர் என்பதால் நானே கேட்டுப் போனது. கயாவில் மகன் அப்பாவுக்குப் பிண்டம் வைத்தான். பக்கத்தில் ஒருவர் இறந்துபோன தன் அம்மாவுக்கு மாத்ரு ஷோடசி செய்துகொண்டிருந்தார். சுமந்தது, வலி பொறுத்தது, ராத்திரி கண் விழித்தது என்று அம்மா பட்ட பாடு ஒவ்வொன்றையும் சொல்லி ஒவ்வொரு பிண்டம், மொத்தம் பதினாறு. அந்த ஊரில் உறவு, சிநேகிதம், வீட்டில் வளர்த்த மாடு வரைக்கும் யாரை நினைத்தும் பிண்டம் வைக்கலாம். பாப்பாவுக்கும் ஒன்று வை என்று மகனிடம் சொன்னேன். தனக்கு ஒரு அக்கா இருந்தாள் என்பதை 44 வயசில் அன்றைக்குத்தான் அவன் என் வாயால் கேட்டான்.

அதனால், பயணம் போனால் துக்கம் மறக்குமா என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில், மறக்காது என்பதுதான். மறக்கவைக்கத்தான் கூட்டிப் போகிறார்கள் என்று தெரிந்தால் எங்களுக்குக் கால் நகராது. காசி எங்கேயும் போய்விடாது. கட்டிய பணத்தைத் தள்ளிப்போட முடியுமா என்று கேளுங்கள்.

பெரியம்மா சொல்வதையும் ஒதுக்கவேண்டாம். வருஷம் திரும்பும்வரை மலைக்கோயிலுக்குப் போவதில்லை என்பது நம்மில் பல வீடுகளில் இருக்கிற வழக்கம்தான். மைசூர் போகிற வழியில் திம்பம் மலை ரோட்டில் பஸ்ஸில் போவது கோயில் ஏறுவது இல்லை என்பது என் எண்ணம். ஆனால் அது உங்கள் அம்மாவின் மனசுக்கு ஒப்பவேண்டும். உறுத்தும் என்றால் இன்னும் நான்கு மாதம்தானே, திதி முடியட்டும். அதை அவர் சொல்லட்டும். நீங்களும் பெரியம்மாவும் அவருக்காக முடிவு செய்யவேண்டாம்.

போவதென்றால் காலை பஸ்ஸில் போங்கள். ராத்திரியில் திம்பத்தில் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. டிரைவர் தெரிகிற மாதிரி முன்சீட் கேட்டு வாங்குங்கள். மலையடிவாரத்தில் பண்ணாரி அம்மன் கோயிலில் வண்டி நின்றால் அம்மா இறங்கிக் கும்பிடுவாரோ, ஜன்னலிலிருந்தே பார்ப்பாரோ, விட்டுவிடுங்கள். அதற்கு மேல் 27 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் அந்த ஸ்டியரிங் சுற்றுவதை அவர் பார்க்கட்டும். அவர் பேசினால் பேசுங்கள், அழுதால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். "வந்திருக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்பா எந்தக் கடையில் டீ குடிப்பார் என்று பழைய கண்டக்டர் யாரையாவது விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் அம்மா