அரசு நிலத்தில் குடியிருப்பவர்கள் மாற்று வீட்டை உரிமையாகக் கேட்க முடியுமா?

கேள்வி: அரசுக்குச் சொந்தமான நிலத்தில் 40 குடும்பங்கள் 22 ஆண்டுகளாக வீடு கட்டிக் குடியிருக்கிறோம். மின் இணைப்பும் அடையாள ஆவணங்களும் இந்த முகவரியில்தான் உள்ளன. 15 நாட்களில் காலி செய்யச் சொல்லிக் கதவுகளில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ‘வீடு மனித உரிமை, அரசு தந்தே ஆக வேண்டும்’ என்கிறார் ஒருவர். ‘ஆக்கிரமித்தவர்களுக்கு ஏது உரிமை’ என்கிறார் இன்னொருவர். நீதிமன்றத்தில் நாங்கள் வீடு கேட்க முடியுமா?

பதில்: இருவரில் எவர் சொன்னதையும் அப்படியே மனுவில் எழுதிவிடாதீர்கள். நிலம் உங்களுடையது அல்ல என்பதை நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். நீண்ட காலம் அனுபவித்து வந்ததாலேயே நிலம் சொந்தமாகிவிடும் என்ற விதி, பல நாடுகளில் அரசு நிலத்துக்குப் பொருந்துவதில்லை, அல்லது உங்கள் 22 ஆண்டுகளைவிட அதிகமான காலத்தைக் கேட்கிறது. ஆனால், நிலத்தில் உரிமை இல்லாதவருக்கு வேறெந்த உரிமையும் இல்லை என்ற வாதத்தை உச்ச நீதிமன்றங்கள் நிராகரித்திருக்கின்றன. நாட்டை நீங்கள் குறிப்பிடாததால் பொதுவான நெறிகளைச் சொல்கிறேன். உள்ளூர்ச் சட்டப் பிரிவுகளை உங்கள் வழக்கறிஞர் சேர்த்துக்கொள்வார்.

முதலாமவர் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம், தன் 25ஆம் பிரிவில், உணவு, உடை, மருத்துவம் ஆகியவற்றோடு வீட்டையும் சேர்த்தே மனிதரின் வாழ்க்கைத் தரத்தை வரையறுக்கிறது. 1966இல் ஏற்கப்பட்டு 1976இல் நடைமுறைக்கு வந்த பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 11ஆம் பிரிவும் போதுமான வீட்டுக்கான உரிமையை ஏற்கிறது. ஆனால் அதே உடன்படிக்கையின் 2ஆம் பிரிவு, இருக்கும் வளங்களை இயன்றவரை முழுமையாகப் பயன்படுத்தி, படிப்படியாக இவ்வுரிமைகளை நிறைவேற்றுவதே அரசின் கடமை என்கிறது. ‘எனக்கு உடனே வீடு கொடு’ என்று தனிமனிதர் தொடுக்கும் வழக்குகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகின்றன.

உங்கள் வழக்கை அதற்கு அடுத்த படியில் தொடங்க வேண்டும். வீடு கட்டித் தர அரசுக்குப் பணமும் காலமும் வேண்டும். ஒரு குடும்பத்தை விசாரிக்காமல் தெருவில் தள்ளாமல் இருப்பதற்கு இரண்டும் தேவையில்லை. ஆகவே வெளியேற்றம் தொடர்பான கடமை படிப்படியாக நிறைவேற்றப்பட வேண்டியதன்று, இன்றே நிறைவேற்றப்பட வேண்டியது. மேற்சொன்ன உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 1997இல் வெளியிட்ட 7ஆம் பொதுக் கருத்துரை இதைத் தெளிவாக்குகிறது. பாதிக்கப்படுவோரோடு உண்மையான கலந்தாலோசனையும், நியாயமான கால அவகாசமும், நிலம் எதற்குத் தேவைப்படுகிறது என்ற தகவலும், சட்டப்படி பரிகாரம் தேடும் வாய்ப்பும் இருக்க வேண்டும்; இரவிலோ கடும் மழை போன்ற மோசமான வானிலையிலோ வெளியேற்றக் கூடாது; வெளியேற்றத்தின் விளைவாக எவரும் வீடற்றவராகிவிடக் கூடாது. இக்கருத்துரை எந்த நாட்டு நீதிமன்றத்தையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்றாலும், உள்நாட்டுச் சட்டத்துக்குப் பொருள் காண நீதிபதிகள் இதை எடுத்துப் பார்க்கிறார்கள். உங்கள் மனுவில் இதற்குத் தனிப் பத்தி ஒதுக்குங்கள்.

இந்தியாவில் நடைபாதைவாசிகளுக்காகத் தொடரப்பட்ட ஓல்கா டெல்லிஸ் வழக்கின் 1985ஆம் ஆண்டுத் தீர்ப்பு உங்களுக்கு நெருக்கமானது. வாழும் உரிமைக்குள் வாழ்வாதாரமும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதே தீர்ப்பில், நடைபாதையில் குடியிருக்க எவருக்கும் உரிமையில்லை என்றும், உரிய நடைமுறைப்படி அகற்றலாம் என்றும் கூறியது. பலரும் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டிவிட்டு எதிர்த்தரப்பிடம் மாட்டிக்கொள்கிறார்கள். உங்களுக்குப் பயன்படும் வரி வேறு இடத்தில் உள்ளது. 20 ஆண்டுகளோ அதற்கு மேலோ நிலைத்து, மேம்படுத்தப்பட்ட குடிசைப் பகுதிகளைப் பொது நோக்கத்துக்குத் தேவைப்பட்டாலன்றி அகற்றுவதில்லை, அப்படி அகற்றினால் மாற்று இடம் தரப்படும் என்று அரசுத் தரப்பு அளித்த உறுதியையும் நீதிமன்றம் தீர்ப்பில் சேர்த்தது. 1976இல் கணக்கெடுக்கப்பட்ட நடைபாதைவாசிகளுக்கு மாற்று இடம் தரவும் உத்தரவிட்டது. கணக்கெடுப்பில் ஒரு பெயர் இருந்ததா இல்லையா என்பதே ஒரு குடும்பத்தின் தலைவிதியைத் தீர்மானித்தது. 2024 நவம்பர் 13 அன்று அதே நீதிமன்றம், கட்டடங்களை இடிக்கும் முன் குறைந்தது 15 நாள் அவகாசமும் நேரடி விசாரணையும் தேவை என்றது. ஆனால் சாலை, நடைபாதை, ரயில்பாதை ஓரம், நீர்நிலை போன்ற பொது இடங்களில் அனுமதியின்றிக் கட்டியவற்றுக்கு அந்த வழிகாட்டுதல்கள் பொருந்தா என்றும் சொல்லியிருக்கிறது. ஆகவே உங்கள் நிலம் எந்த வகையில் பதிவாகியுள்ளது என்பதை முதலில் பாருங்கள்.

அரசமைப்பிலேயே வீட்டுரிமையை எழுதி வைத்த தென்னாப்பிரிக்காவில் நடந்ததையும் அறிந்துகொள்ளுங்கள். அதன் 26ஆம் பிரிவு, எல்லாச் சூழ்நிலைகளையும் ஆராய்ந்து நீதிமன்றம் உத்தரவிட்டாலன்றி எவரையும் வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. 1999இல் ஒரு தனியார் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர்களை, குறித்த நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்து வெளியேற்றினார்கள். குடிசைகள் இடித்து எரிக்கப்பட்டன. அந்நேரத்தில் அங்கே இல்லாதவர்களால் தங்கள் உடைமைகளைக்கூட எடுக்க முடியவில்லை. விளையாட்டு மைதானம் ஒன்றில் பிளாஸ்டிக் விரிப்புகளுக்கு அடியில் தங்கிய 390 பெரியவர்களும் 510 குழந்தைகளும் தொடுத்த வழக்கில், அரசமைப்பு நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. கேட்டவுடன் வீடு பெறும் உரிமை எவருக்கும் இல்லை என்றது. ஆனால் ஒதுங்க இடமே இல்லாதவர்களுக்கு எந்த ஏற்பாடும் செய்யாத வீட்டுத் திட்டம் அரசமைப்புக்கு முரணானது என்றும் அறிவித்தது. நிலத்தில் புகுந்து அமர்ந்து முன்னுரிமை பெறும் வழக்கத்தைத் தான் ஆதரிக்கவில்லை என்பதையும் தெளிவுபடுத்தியது. வழக்குக்குப் பெயர் தந்த ஐரீன் குரூட்பூம், வென்ற பின்னும் குடிசையிலேயே வாழ்ந்து 2008இல் இறந்தார். தீர்ப்பில் காலக்கெடுவும் இல்லை, நிறைவேற்றத்தை மேற்பார்வையிடும் ஏற்பாட்டை நீதிமன்றம் தன்னிடம் வைத்துக்கொள்ளவும் இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

வீட்டை அரசு சட்டப்படி உறுதி செய்ய வேண்டுமா என்று என்னைக் கேட்டால், வேண்டும் என்பதே என் பதில். வரவுசெலவை முடிவு செய்வது மக்களவையின் வேலை, நீதிபதியின் வேலையன்று என்ற எதிர்வாதத்தை நான் மதிக்கிறேன். அரசமைப்பில் வீட்டுரிமை எழுதப்படாத சிங்கப்பூரில் மக்களில் பெரும்பாலோர் அரசு கட்டிய அடுக்குமாடிகளில் வசிக்கிறார்கள் என்பதும், ஸ்காட்லாந்தில் தன் பிழையின்றி வீடிழந்த எவரும் நிலையான இருப்பிடம் கோரலாம் என்ற உரிமை 2012 முடிவில் நடைமுறைக்கு வந்தும், 2024இல் அந்நாட்டு நாடாளுமன்றம் வீட்டு நெருக்கடியை அறிவிக்க நேர்ந்தது என்பதும் உண்மைதான். சட்டம் செங்கல் சுமப்பதில்லை; போதிய வீடுகள் கட்டப்படாத இடத்தில் உரிமை வரிசையில் நிற்கிறது. ஆயினும் ஸ்காட்லாந்தில் வீடிழந்தவர் உள்ளாட்சி அலுவலகத்துக்குச் சென்று கேட்கும்போது அதிகாரி சட்டப்படி பதில் சொல்லியாக வேண்டும். பிரான்சில் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, முன்னுரிமை பெற்றும் வீடு கிடைக்காதவர் நிர்வாக நீதிமன்றத்தில் அரசுக்கு எதிராகவே வழக்குத் தொடுக்கலாம். அந்தப் பதிலைப் பெறும் நிலை உங்கள் 40 குடும்பங்களுக்கும் வாய்க்க வேண்டும் என்பதற்காகவே சட்டம் வேண்டும் என்கிறேன். எல்லோருக்கும் நல்ல வீடு என்பது படிப்படியாக வரட்டும். எவரும் தெருவில் விடப்படக் கூடாது என்பதைக் காலக்கெடுவோடு இன்றே சட்டமாக்கலாம்.

உங்களுக்கு 15 நாட்களே இருப்பதால் இனி வேகம் தேவை. நோட்டீஸ் ஒட்டப்பட்ட கதவைத் தேதி தெரியும்படி புகைப்படம் எடுத்து, எந்தச் சட்டப் பிரிவின் கீழ், எந்தத் தேவைக்காக வெளியேற்றுகிறீர்கள், எங்களை எப்போது நேரில் விசாரிப்பீர்கள் என்று கேட்டு எழுத்து மூலம் பதில் அனுப்பி, ஒப்புகை பெறுங்கள். எந்த ஒரு வெற்றுத்தாளிலும், ‘சம்மதித்துக் காலி செய்கிறேன்’ என்ற வாசகத்திலும் கையெழுத்திடாதீர்கள். 22 ஆண்டுக் குடியிருப்பைக் காட்டும் மிகப் பழைய மின் கட்டண ரசீதிலிருந்து பிள்ளைகளின் பள்ளிச் சான்றுவரை அனைத்துக்கும் நகலெடுத்து, அசலை அந்த வீடுகளுக்கு வெளியே பாதுகாப்பான இடத்தில் வையுங்கள். குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரைக் குடும்பவாரியாகக் குறித்த பட்டியல் ஒன்றும் வேண்டும்.

மனுவை 40 குடும்பங்களும் சேர்ந்தே தாக்கல் செய்யுங்கள். கட்டணத்துக்கு வழியில்லையென்றால் இலவச சட்ட உதவி கேளுங்கள். முதல் கோரிக்கை இடைக்காலத் தடை. இரண்டாவது, நேரடி விசாரணை. மூன்றாவது, வேலைக்கும் பள்ளிக்கும் சென்றுவரக்கூடிய தொலைவில் மாற்று இருப்பிடம் தரும்வரை அகற்றக் கூடாது என்பது. வீட்டை உரிமையாக அறிவிக்கக் கோருவதைக் கடைசியில் வைத்தால் போதும். விசாரணையில் அரசு வழக்கறிஞர் ‘மாற்று இடம் தருவோம்’ என்று வாய்மொழியாகச் சொன்னால், அதை அன்றைய உத்தரவிலேயே பதிவு செய்யும்படி கேளுங்கள். எந்த இடம், எந்தத் தேதிக்குள், எந்த அதிகாரி பொறுப்பு என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.