வீட்டு விதைநெல்லும் ஐரோப்பா கேட்கும் கச்சானும்

கேள்வி: ஐயா, ஒட்டுசுட்டான் பக்கம் கச்சானும் (நிலக்கடலை) காலபோகத்தில் மொட்டைக்கருப்பன் நெல்லும் செய்கிறேன். வெளிநாட்டு வர்த்தக ஒப்பந்தங்கள் வந்தால் சொந்த விதைநெல் வைத்திருப்பதே குற்றம் என்கிறார்களே, உண்மையா? கச்சானை ஐரோப்பாவுக்கு அனுப்பலாம் என்ற ஒருவர் ஆய்வுகூட அறிக்கையும் கேட்கிறார்.

பதில்: தம்பி, மொட்டைக்கருப்பனை அடுத்த போகத்துக்கு எடுத்து வைப்பது குற்றமில்லை. 1995இல் வந்த உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தம் புதிய பயிரினங்களுக்கு, அவற்றை உருவாக்கியவரின் உரிமைக்காக, ஏதாவதொரு பாதுகாப்புக் கொடுக்கச் சொல்கிறது. அது எப்படி என்பதை அந்தந்த நாட்டிடமே விட்டிருக்கிறது. இந்தியா 2001இல் தனிச் சட்டம் போட்டது. அங்கே விவசாயி விதையைச் சேமிக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். பாதுகாக்கப்பட்ட இனத்தை வணிகப் பெயர் போட்டு விற்கத்தான் கூடாது. நம் இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டமும் தாவரங்களுக்கு ஆக்கவுரிமை (பேடன்ட்) தருவதில்லை.

நான் பயப்படுவது இரு நாடுகள் தனியாகச் செய்யும் ஒப்பந்தங்களுக்கு. 'யுபோவ்' என்ற பயிரினப் பாதுகாப்புச் சாசனத்தில் சேர வேண்டும் என்ற நிபந்தனை அவற்றுக்குள் வரலாம். அமெரிக்காவோடு 2000இல் ஒப்பந்தம் செய்த வியட்நாம் 2006இல் அதில் சேர்ந்தது. இலங்கை இன்னும் சேரவில்லை. அதன் 1991ஆம் ஆண்டு வடிவத்தில், பாதுகாக்கப்பட்ட இனத்தின் விதையைச் சொந்த வயலில் திரும்ப விதைப்பதற்கே அரசு விரும்பினால்தான் இடம். அயலவருக்குக் கைமாற்றிக் கொடுக்க அந்தச் சலுகையில் இடமில்லை. விதை கைமாறித்தானே வன்னியில் வயல்கள் திரும்பவும் பச்சையாகின? அரசு ஒப்பந்தம் பேசுகிறது என்று கேள்விப்பட்டால், கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள். கையெழுத்தான பிறகு கேட்டுப் பயனில்லை.

சரி, கச்சான். அறிக்கை கேட்பது அஃப்லாடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சுக்காக. நேரடியாகச் சாப்பிடும் கச்சானில் கிலோவுக்கு மொத்தம் 4 மைக்ரோகிராம்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லை. மேலும் பதப்படுத்தப் போகும் கச்சானுக்கு கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவு நியமம் 15 வரை விடுகிறது. அறிவியல் காரணம் காட்டினால் ஒரு நாடு சர்வதேச நியமத்தைவிட இறுக்கமான எல்லை வைக்கலாம்.

பிடுங்கிய கச்சானை வெறும் நிலத்தில் போடாமல் படங்கில் காயப்போடுங்கள். குலுக்கினால் பருப்புச் சலசலக்க வேண்டும். உடைக்கச் சுலபம் என்று தண்ணீர் தெளிக்காதீர்கள். சுருங்கியதையும் பூஞ்சணம் பிடித்ததையும் பொறுக்கிவிடுங்கள். வறுத்தாலும் நஞ்சு முழுதாகப் போகாது. நஞ்சு ஒரு சில பருப்பில்தான் குவிந்திருக்கும். அதனால் ஒரு மூட்டையில் ஒரு பிடி அள்ளிக் கொடுத்தால் போதாது, எல்லா மூட்டையிலும் இருந்து மாதிரி எடுக்க வேண்டும்.

எந்த எல்லைக்குச் சோதனை, செலவு யாருடையது, சரக்குத் திரும்பினால் நட்டம் யாருக்கு என்ற மூன்றையும் அவரிடம் எழுத்தில் வாங்கிய பிறகு முற்பணத்தில் கை வையுங்கள்.