கிட்னி மாற்றியவர்களுக்கு: வைரஸ் டெஸ்டும் மாத்திரை அளவும்

கிட்னி மாற்று வார்டில் 12 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகள் இவை.

கேள்வி: அக்கா, தம்பிக்குக் கிட்னி மாற்றி நாலு மாதம். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.2தான். ரத்தத்தில் பிகே வைரஸ் 14,000 என்று வந்ததும் டாக்டர், உடம்பு கிட்னியை ஒதுக்காமலிருக்கக் கொடுக்கும் மைக்கோபீனோலேட் மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார். இனி ஒதுக்கிவிடாதா?

பதில்: வீட்டில் எல்லோருக்கும் வருகிற பயம்தான் இது. பிகே என்பது, 1971இல் யாருடைய சிறுநீரில் இந்த வைரஸைக் கண்டார்களோ அந்த நோயாளியின் பெயர் எழுத்துகள். அவரும் கிட்னி மாற்றிக்கொண்டவர். நம்மில் பெரும்பாலோருக்குச் சின்ன வயதிலேயே தொற்றி, கிட்னியில் சத்தமில்லாமல் கிடக்கும். மாத்திரை எதிர்ப்புச் சக்தியை அடக்கும்போது தலைதூக்கும். இதைக் கொல்ல நிரூபணமான மருந்து இன்னும் இல்லை. மாத்திரையைத் தளர்த்தி, உடம்பே அடிக்கட்டும் என்று விடுவதுதான் வைத்தியம். ஒதுக்கும் ஆபத்து கொஞ்சம் உண்டு, மறைக்க மாட்டேன். அதற்காகத்தான் அடிக்கடி ரத்தம் எடுப்பார்கள். கிரியாட்டினின் ஏறியபின் தெரிந்திருந்தால் கிட்னி ஏற்கெனவே அடிபட்டிருக்கும். 1.2இல் பிடித்தது தம்பிக்கு நல்லது. முதல் 9 மாதம் மாதாமாதம், அப்புறம் 2 வருடம் வரை 3 மாதத்துக்கு ஒருமுறை இந்த டெஸ்ட்டைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: கிட்னியை ஒதுக்காமலிருக்க எடுக்கும் டாக்ரோலிமஸ், ரத்தத்தில் போன மாதம் 7, இப்போது 19. மாத்திரை அதேதான், சிஸ்டர்.

பதில்: ரத்தம் கொடுக்கும் முன் காலை மாத்திரையைப் போட்டுவிட்டீர்களா சார்? ஊதா மூடிக் குழாயைக் கையில் எடுத்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி அது. “பஸ்ஸிலேயே போட்டுட்டேன் சிஸ்டர்” என்பார்கள். அன்று எடுத்தால் எண் பொய் சொல்லும். இரவு மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் கொடுக்க வேண்டும். அது சரியாக இருந்தால், வயிற்றுப்போக்கு இருந்ததா, வேறு டாக்டர் ஃபுளுகோனசோல் (பூஞ்சை மருந்து), கிளாரித்ரோமைசின் (ஆன்டிபயாடிக்) கொடுத்தாரா, பம்பளிமாஸ் சாப்பிட்டீர்களா என்று பாருங்கள். எல்லாமே அளவை ஏற்றும். 19 உண்மையென்றால் கிட்னிக்கே கெடுதல், இன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். நீங்களாகக் குறைக்காதீர்கள்.

கேள்வி: சிஎம்வி (சைட்டோமெகலோ வைரஸ்) வராமலிருக்க வால்கான்சிக்ளோவிர் மாத்திரை எடுக்கிறேன். விலை தாங்கவில்லை. 2 மாதத்தோடு நிறுத்தலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. கிட்னி தந்தவருக்கு சிஎம்வி வந்திருந்து, உங்களுக்கு வந்ததே இல்லையென்றால் 6 மாதம் வரை தேவைப்படும். பணக் கஷ்டத்தை டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். சிலருக்கு வாராவாரம் வைரஸ் அளவைப் பார்த்து, ஏறினால் மட்டும் மருந்து கொடுப்பதுண்டு. மருந்து எடுக்கும்வரை வெள்ளை அணுக்களையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: தடுப்பூசி?

பதில்: ஃப்ளூ ஊசி போடலாம். சின்னம்மை, தட்டம்மை போன்ற, உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசி கூடாது.