பார்த்தால் புரிகிறது, போட்டால் வரவில்லை

அன்புள்ள ஐயா,

நான் பொறியியல் முதலாண்டு மாணவி. கணக்குத் தேர்வு என்றாலே கை சில்லிட்டுப் போகிறது. ராத்திரியெல்லாம் கண்விழித்துத் தீர்வுகளைப் படிக்கிறேன். பார்த்தால் புரிகிறது, போட்டால் வரவில்லை. எனக்குக் கணக்கு மூளையே இல்லையோ? மூச்சுப் பயிற்சி செய்தால் பயம் போகுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், கெடுதல் இல்லை. கணக்கு மூளை என்கிற பேச்சை இன்றோடு விடுங்கள். கணித உலகின் உயரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 1950இல் பெற்ற லோரன் ஷ்வார்ட்ஸ், பள்ளியில் தன்னை மந்தம் என்றே உள்ளூர நினைத்திருந்ததாக எழுதியிருக்கிறார்.

நான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தது உங்கள் இன்னொரு வரியைப் பற்றித்தான். ‘பார்த்தால் புரிகிறது, போட்டால் வரவில்லை.’ எத்தனை பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்! அம்மா, அது புரிதலே இல்லை. அடுத்தவர் எழுதிய வரிகளில் தப்பில்லை என்று ஒப்புக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான்.

கல்லூரியில் எங்களுக்கு ஒரு கணக்குப் பேராசிரியை இருந்தார். பகுதித் தொகையிடலில் (integration by parts) ஒரு கணக்கைக் கரும்பலகையில் போட்டு முடிப்பார். நாங்கள் தலையாட்டுவோம். உடனே மொத்தத்தையும் துடைத்துவிட்டு, “நோட்டை மூடு, இப்ப நீ போடு” என்பார். பெருக்கலாக நிற்கும் இரண்டு சார்புகளில் எதை வகையிடுவது, எதைத் தொகையிடுவது என்று தெரியாமல் பேனா நின்றுவிடும். மாற்றி எடுத்தால் அடுத்த வரி முந்தையதைவிடச் சிக்கலாகும். அப்படிச் சிக்கலாக்கிப் பார்த்தவருக்குத்தான் எதை ஏன் எடுக்க வேண்டும் என்பது பிடிபடும். தீர்வுப் புத்தகத்தில் அந்தத் தடுமாற்றம் அச்சாவதில்லை. எடுக்க வேண்டிய முடிவுகளையெல்லாம் யாரோ எடுத்து முடித்துவிட்டார்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் கணக்குப் படிக்கவே இல்லை. கண்விழித்தது உழைப்புதான், ஆனால் பயிற்சி இல்லை. தனியாக ஒரு கணக்கோடு நீங்கள் உட்காருவதே தேர்வறையில்தான் என்றால் கை சில்லிடாமல் என்ன செய்யும்?

2012இல் லையன்ஸ், பெய்லாக் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்குப் பயம் மிகுந்தவர்களின் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தார்கள். வலியோடு தொடர்புடைய பகுதிகள் விழித்துக்கொண்டது, கணக்கு வரப்போகிறது என்று காத்திருந்தபோது. போட்டுக்கொண்டிருந்தபோது அல்ல. அந்தக் காத்திருப்பைத்தான் தீர்வுகளைப் புரட்டிப் புரட்டி நீங்கள் நீட்டிக்கொண்டே போகிறீர்கள்.

இன்று ஒரே ஒரு கணக்கை எடுங்கள். தீர்வை மூடி வையுங்கள். மாட்டிக்கொண்டால் அங்கேயே கொஞ்ச நேரம் இருங்கள். பிறகு ஒரு வரி மட்டும் பார்த்துவிட்டு மறுபடி மூடுங்கள். எந்த வரியில் நின்றீர்கள், என்னவெல்லாம் செய்து பார்த்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். மதிப்பெண் எவ்வளவு என்பது எனக்கு வேண்டாம்.