மாத்திரையால் வரும் மந்தமும் ஐ.டி.ஐ. சேர்க்கையும்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வலிப்புக்கு மாத்திரை தொடங்கியதிலிருந்து தம்பிக்குக் கை நடுங்குகிறது, நடை தள்ளாடுகிறது, கூப்பிட்டால் திரும்பவே நேரமாகிறது என்றும், அவரை ஏற்காட்டிலிருந்து சேலம் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்த மந்தம் எதனால் வருகிறது என்று பார்க்காமல் படிப்பை முடிவு செய்ய வேண்டாம்.

நரம்பணுக்களின் அளவுமீறிய மின்துடிப்பை அடக்கும் இம்மருந்துகள், உடலின் சமநிலையையும் கையின் நுணுக்கத்தையும் பார்த்துக்கொள்ளும் சிறுமூளையின் வேலையையும் சில வேளைகளில் மந்தப்படுத்துகின்றன. ஆனால் எல்லா மருந்தும் ஒரே மாதிரி இல்லை. ஃபெனிடாயின் அளவைச் சிறிது கூட்டினாலும் இரத்தத்தில் அது எதிர்பாராமல் ஏறி, நடையைத் தள்ளாட வைக்கலாம்; கார்பமசெபின் விழுங்கிய சில மணி நேரத்தில் தலைசுற்றலும் இரட்டைப் பார்வையும் வரலாம்; வால்புரோயேட் கைநடுக்கம் தரலாம்; ஃபினோபார்பிட்டோன் தூக்கத்தையும் தாமதத்தையும் கொண்டுவரும். ஆகவே எத்தனை மணிக்கு மாத்திரை போட்டார், எப்போது எழுத்து கோணலானது, எப்போது தெளிந்தது என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி, அதை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அளவைக் குறைப்பதா, பிரித்துக் கொடுப்பதா, மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றுவதா என்பதை அவர் முடிவு செய்வார். செய்முறைத் தேர்வன்று கை சீராக இருக்கட்டும் என்று ஒரு வேளை மாத்திரையை நிறுத்தும் பெற்றோர் உண்டு. தயவுசெய்து அதை மட்டும் செய்துவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

மந்தம் சரியானாலும், ஃபிட்டர் வேலைக்கு முதலில் பார்க்க வேண்டியது வலிப்பு நின்றிருக்கிறதா என்பதைத்தான். அது முழுமையாக அடங்காத வரை சுழலும் இயந்திரமும் உலையும் உயரமான இடமும் வேண்டாம். ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1-இலும் வலிப்பு உண்டா என்ற கேள்வி இருப்பதால், வாகனம் ஓட்டும் வேலையையும் நம்பியிருக்க முடியாது. கட்டட வரைவாளர், கணினி இயக்குநர் பிரிவுகளைக் கேட்டுப் பாருங்கள். நடுக்கம் குறைந்துவிட்டால் அவற்றில் தம்பி தயங்காமல் முன்னேறலாம். தூக்கக் குறைவும் வலிப்பைத் தூண்டும் என்பதால், விடியற்காலையில் எழுந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தினமும் இறங்கி வருவதைவிட, அவருடைய நிலையை அறிந்த ஒருவருடன் சேலத்திலேயே தங்குவது மேல்.

சேர்க்கையன்றே பயிற்றுநரிடம் விவரத்தைச் சொல்லிவிடுங்கள்: வலிப்பு வந்தால் கையில் சாவியைத் திணிக்காமல் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழைக்க வேண்டும்.