ஊட்டி, கொடைக்கானல் செயின் காபிக் கடைகளில் எந்தத் தண்ணீர் ஊற்றுகிறார்கள்? அந்தப் பானங்களில் வேறு என்னென்ன சேர்கிறது?

கேள்விக்குள் மூன்று சந்தேகங்கள் இருக்கின்றன. மலைக் கடைகளின் தண்ணீரை நம்பலாமா, கோயம்புத்தூரில் குடித்த அதே பெயருள்ள காபி ஊட்டியில் ஏன் வேறு மாதிரி இருக்கிறது, குளிர் பானங்களில் என்ன கலக்கிறார்கள். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சூடான காபியில் தண்ணீர் பெரும்பாலும் ருசி சம்பந்தப்பட்ட விஷயம். ஐஸ் போட்ட பானத்தில் அது வயிறு சம்பந்தப்பட்ட விஷயம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) மீட்டரை டம்ளரில் முக்கிப் பார்த்துவிட்டு "நல்ல தண்ணி" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

மலைத் தண்ணீர் மென்மையானது. ஊட்டிக்கு பார்சன்ஸ் வேலி, மார்லிமந்து, டைகர் ஹில் போன்ற நீர்த்தேக்கங்களும், குன்னூருக்கு ரேலியா அணையும், கொடைக்கானலுக்கு மனோரஞ்சிதம் அணையும் தண்ணீர் தருகின்றன. சோலையிலும் புல்வெளியிலும் ஊறி இறங்கும் மழைநீர், சுண்ணாம்புப் பாறையைத் தொடாமலே வந்து சேர்கிறது. அதனால் கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட் எல்லாமே குறைவு. டிடிஎஸ் பெரும்பாலும் 100-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோதான் நிற்கும். சமவெளி போர்வெல்லில் 800, 1000 என்று காட்டுவது சாதாரணம்.

காபிக்கு எது சரி? ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷன் சொல்லிவந்த அளவு: லிட்டருக்கு டிடிஎஸ் 150 மில்லிகிராம் (75 முதல் 250 வரை போகலாம்), கடினத்தன்மை 70-ஐ ஒட்டி, காரத்தன்மை 40-ஐ ஒட்டி, பிஎச் 7, குளோரின் அறவே கூடாது. இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500 டிடிஎஸ் 500 வரை ஏற்கிறது. மிச்சக் குளோரின் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது இருக்கவேண்டும் என்கிறது. ஆக, குடிக்க நல்ல தண்ணீரும் காபிக்கு நல்ல தண்ணீரும் ஒன்றல்ல. காபித் தூளிலிருந்து சாரத்தை இழுத்துக்கொண்டு வருவதில் மக்னீசியத்துக்கும் கால்சியத்துக்கும் பங்கு உண்டு. பைகார்பனேட் அமிலத்தைச் சமன் செய்யும். அது அதிகமானால் காபி சப்பென்று மண் மாதிரி இருக்கும், குறைந்தால் புளிப்பு தூக்கும். போர்வெல் தண்ணீர் ஊற்றும் கோயம்புத்தூர்க் கடையும் ஊட்டிக் கடையும் ஒரே கொட்டையை, ஒரே வறுவலில் வாங்கினாலும் ஊட்டியில் புளிப்பு முன்னால் நிற்பதற்கு இது பாதிக் காரணம்.

மீதிப் பாதி உயரம். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,130 மீட்டர். இங்கே தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். எஸ்பிரசோ மெஷினை சமவெளிக் கணக்கில் 94, 95 டிகிரிக்கு வைத்துவிட்டால், தண்ணீர் மெஷினுக்குள் அழுத்தத்தில் இருக்கும்வரை அடங்கி இருக்கும். மெஷினின் வாய்க்கு வந்ததும் ஆவியாகிச் சீறும். தூள் மேல் சீராக இறங்காமல் ஒரு பக்கம் குடைந்துகொண்டு போகும். சில சொட்டு கசப்பு, சில சொட்டு புளிப்பு. மலையில் 91 டிகிரியை ஒட்டி வைத்து, அரைப்பைக் கொஞ்சம் நைசாக்குவதுதான் சரி. கடையில் இதைத் தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு: தூள் மாட்டுவதற்கு முன் வெறும் தண்ணீர் விடும்போது அது நூலாக இறங்காமல் நிறுத்தாமல் சீறித் தெறித்தால், வெப்பம் உயரத்துக்குத் தக்கபடி குறைக்கப்படவில்லை.

அடுத்தது ஆர்ஓ, அதாவது தண்ணீரிலுள்ள உப்பை வடித்து நீக்கும் சுத்திகரிப்பு. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். ஏற்கெனவே மென்மையான தண்ணீரை ஆர்ஓவில் விட்டால் டிடிஎஸ் 5, 10 என்று இறங்கிவிடும். அந்தத் தண்ணீரில் காபி அடர்த்தி இல்லாமல் நிற்கும். மெஷினுக்கும் கேடு. பாய்லரில் தண்ணீர் மட்டத்தை அறியும் கம்பி, தண்ணீர் வழியாக மின்சாரம் கடப்பதை வைத்தே வேலை செய்கிறது. உப்பே இல்லாத தண்ணீரில் மின்சாரம் போதுமான அளவு கடக்காது. பாய்லர் காலி என்று நினைத்து மெஷின் நிரப்பிக்கொண்டே போகும், கடைசியில் ஆவிக்குழாயில் தண்ணீர் கக்கும். பால் நுரைக்காமல் நீர்த்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். செம்பு, பித்தளைப் பாகங்களையும் இந்தத் தண்ணீர் மெல்ல அரிக்கும். சமவெளியில் உப்புப் படிவதைத் தடுக்கப் போடும் ரெசின் கேட்ரிட்ஜை அப்படியே மலையில் மாட்டினாலும் இதே கதைதான், இருக்கும் கொஞ்சம் பைகார்பனேட்டையும் அது தின்றுவிட்டு பிஎச்சை இறக்கிவிடும். இதற்கு மேல், ஒரு லிட்டர் ஆர்ஓ நீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாக ஓடுகிறது. கோடையில் குடத்தோடு வரிசையில் நிற்கும் ஊரில் இது தேவையா? டிடிஎஸ் 500-க்குக் கீழ் உள்ள இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்யச் சொல்லி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-லேயே உத்தரவிட்டது. மலைக் கடைக்கு வேண்டியது 5 மைக்ரான் வண்டல் பில்டர், கார்பன் பிளாக், அதன் பின் கிருமியைக் கொல்லும் யுவி விளக்கு. இவ்வளவு போதும். இரும்பு அதிகமுள்ள கிணற்று நீர் என்றால் தனியாக ஒரு இரும்பு நீக்கி.

இனி வயிற்று விஷயம். சூடான காபியில் கிருமிப் பயம் மிகக் குறைவு. மெஷினுக்குள் தண்ணீர் 90 டிகிரிக்கு மேல் கிடக்கிறது. பாலும் பாஸ்சுரைஸ் செய்தது, மறுபடி 60 முதல் 65 டிகிரிக்கு நுரைக்கப்படுகிறது. ஐஸுக்கு அந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. இதில் ஒரு நுட்பம் உண்டு, கடைக்காரர்களே பலர் இதை யோசிப்பதில்லை. காபி ருசிக்காக கார்பன் பில்டர் குளோரினை நீக்கிவிடுகிறது. அதே குழாய்தான் பின்னால் ஐஸ் மெஷினுக்கும் போகிறது. நகராட்சி கஷ்டப்பட்டுச் சேர்த்த குளோரின் இல்லாத தண்ணீர், குழாயிலும் ஐஸ் தொட்டியிலும் மணிக்கணக்கில் நிற்கிறது. ஐஸ் மெஷினுக்குள் தண்ணீர் வழியும் தடுப்பை விரலால் தடவினால் வழவழப்பாக இளஞ்சிவப்பு அல்லது கருப்புப் படலம் ஒட்டிக்கொண்டு வரும். அது உயிருள்ள கிருமிப் படலம். சமவெளியில் வெள்ளை உப்பு படிவது கண்ணுக்குத் தெரிவதால் மெஷினைக் கழற்றிக் கழுவுவார்கள். மலையில் உப்பே படியாது, அதனால் "சுத்தமாத்தான் இருக்கு" என்று விட்டுவிடுவார்கள்.

இது பெரிய கம்பெனிகளுக்கும் நடக்கும். 2017-ல் பிரிட்டனில் பிபிசி மூன்று பெரிய காபி செயின்களின் ஐஸைச் சோதித்தபோது காஸ்டாவின் 10 மாதிரிகளில் 7-லும், ஸ்டார்பக்ஸ், கஃபே நீரோ இரண்டிலும் 10-க்கு 3-லும் மலக் கிருமிக் கலப்பு தெரிந்தது. அங்கே குழாய்த் தண்ணீர் மோசமில்லை. கையும், கரண்டியும், கழுவாத மெஷினும்தான் சந்தேகத்துக்குரியவை. எனவே கவுண்டரில் நிற்கும்போது பார்க்கவேண்டியது ஐஸ் கரண்டியை. ஐஸுக்குள் புதைந்து, கைப்பிடியும் ஐஸைத் தொட்டுக்கொண்டு கிடந்தால் குளிர் பானம் வேண்டாம். வெளியே தனிக் குவளையில் தொங்கினால் நல்லது. கடை நடத்துபவர்களுக்கு: மாதம் ஒருமுறை ஐஸ் தொட்டியைக் காலி செய்து, சோப்பில் தேய்த்து, 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டை லிட்டருக்கு 4 மில்லி கலந்து (இது 200 பிபிஎம்) துடைத்து, கழுவி, முதல் இரண்டு ஈடு ஐஸைக் கொட்டிவிடுங்கள். யுவி விளக்கு நீலமாக எரிவதை நம்பாதீர்கள். ஒரு வருடம் ஆனதும் வெளிச்சம் இருக்கும், வீரியம் இருக்காது. ஆண்டுக்கொருமுறை மாற்றியே ஆகவேண்டும்.

தண்ணீர் எப்போது மோசமாகும் என்பதற்கும் மலையில் கணக்கு உண்டு. ஊட்டி, கூடலூர்ப் பக்கம் ஆடி மழையிலும், குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் ஐப்பசி மழையிலும் தண்ணீர் கலங்கும். கலங்கிய தண்ணீரில் யுவி ஒளி ஊடுருவாது. வண்டல் பில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ஏப்ரல், மே சீசனில் இதற்கு நேர்மாறான சிக்கல். கூட்டம் ஏறும், குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வரும், டேங்கர் லாரியில் எங்கிருந்தோ வரும் கிணற்று நீர் சம்ப்பில் இறங்கும். அந்த இரண்டு மாதம் ஐஸ் பானத்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. இரும்பு கலந்த நீரைக் கண்டுபிடிக்க மீட்டர் வேண்டாம், பால் ஊற்றாத டீ போதும். செம்பழுப்பாக இருக்கவேண்டிய டிகாஷன் மை கலந்ததுபோல் கறுத்துவிடும்.

பிளாஸ்டிக் தடையால் இரண்டு மலைகளிலும் சிறிய தண்ணீர் பாட்டில் கிடைக்காது. அதனால் மேசையில் வைக்கும் தண்ணீரையே பலரும் குடிக்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் ஐஸுக்குப் போகும் அதே குழாயின் தண்ணீர்தான். சந்தேகம் இருந்தால் வெந்நீர் கேளுங்கள், மலையில் யாரும் வித்தியாசமாகப் பார்க்கமாட்டார்கள். வீட்டில் கொதிக்கவைப்பவர்கள், 2,000 மீட்டருக்கு மேல் கொதி வந்தபின் மூன்று நிமிடம் விடவேண்டும்.

பானத்துக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு வருவோம். அமெரிக்கானோ என்றால் காபியும் தண்ணீரும் மட்டும். கப்புச்சினோ, லாட்டே என்றால் அவற்றோடு பால், வேறெதுவும் இல்லை. மெனுவில் "ஃபில்டர் காபி" என்று இருந்தால் சிக்கரி இருக்க வாய்ப்பு அதிகம். கலவைத் தூளில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்கவேண்டும் என்பது சட்டம், பாக்கெட்டில் இரண்டின் விகிதமும் அச்சிடப்பட்டிருக்கும். காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

பிரச்சினை ஃப்ராப்பே (ஐஸோடு அடித்த குளிர் காபி) வகைகளில். அடிப்படையாக ஒரு பவுடர் போடுவார்கள். அதில் சர்க்கரை, மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்திலிருந்து எடுக்கும் பவுடர்), பால் பவுடர், கெட்டிப்படுத்த 415 (சாந்தன் கம்) அல்லது 407 (காரஜீனன்) என்ற எண்ணுள்ள சேர்ப்புப் பொருள் இருக்கும். ஐஸும் பாலும் பிரிந்துபோகாமல் கடைசி உறிஞ்சல்வரை கெட்டியாக நிற்பது இந்தக் கம்மினால்தான், பாலின் தரத்தால் அல்ல. இவை அனுமதிக்கப்பட்டவைதான், பயப்பட ஒன்றுமில்லை. பயப்படவேண்டியது சர்க்கரையின் அளவுக்கு. 10 மில்லி சிரப்பில் ஏறத்தாழ 8 கிராம் சர்க்கரை, மூன்று பம்ப் அடித்தால் 24. பவுடர் 30 கிராமில் பாதிக்கு மேல் சர்க்கரை என்று வைத்தால் இன்னொரு 15, 20. மேலே சுற்றும் சாக்லேட் சாஸில் 10. ஆக மொத்தம் 50 கிராம், அதாவது பத்து டீஸ்பூனுக்கு மேல். ஒரு பெரியவருக்கு ஒரு நாள் முழுக்க அதிகபட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு அது. பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்குமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

மேலே நிற்கும் வெள்ளை நுரை பல கடைகளில் பால் க்ரீம் அல்ல, ஹைட்ரஜனேற்றிய எண்ணெய்ப்பனைக் கொட்டை எண்ணெயில் செய்த டாப்பிங். எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று 2022 ஜனவரியிலிருந்து கட்டுப்பாடு இருக்கிறது. ஆனாலும் நிறைவுற்ற கொழுப்பு அதில் தாராளம். வெயிலில் ஐந்து நிமிடம் வைத்தும் உருகாமல் முனை கூர்மையாக நின்றால் அது பால் க்ரீம் இல்லை. கோல்ட் காபியில் போடும் "ஐஸ்க்ரீம்" டப்பாவில் ஃப்ரோசன் டெசர்ட் என்று எழுதியிருந்தால் அதிலும் தாவர எண்ணெய்தான்.

சைவம் சாப்பிடுபவர்கள் சிவப்பு நிற பானங்களில் 120 என்ற எண்ணைக் கவனியுங்கள், அது பூச்சியிலிருந்து எடுக்கும் நிறம். அமெரிக்காவில் ஸ்டார்பக்ஸ் ஸ்ட்ராபெரி பானத்தில் இதைப் பயன்படுத்தியது 2012-ல் பெரிய எதிர்ப்பாகி, தக்காளியிலிருந்து எடுக்கும் லைகோபீனுக்கு மாறினார்கள்.

இதையெல்லாம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை உள்ள கடைகள் மெனுவில் ஒவ்வொரு பண்டத்துக்கும் கலோரியும் பரிமாறும் அளவும் போடவேண்டும் என்பது 2022 ஜூலையிலிருந்து அமலில் உள்ள விதி. பால், சோயா, நட்ஸ் போன்ற ஒவ்வாமைப் பொருள்களையும் சொல்லவேண்டும். போர்டில் இல்லையென்றால் மேனேஜரிடம் கேளுங்கள். 14 இலக்க உரிம எண் சுவரில் இருக்கும். அதைப் படம் எடுத்து உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் அனுப்பலாம். தண்ணீரைச் சோதிக்க நினைத்தால் எச்2எஸ் குப்பி வாங்கி நிரப்பி வையுங்கள், கறுத்தால் மலக் கலப்புக்கு வாய்ப்பு அதிகம். ஆனால் ஊட்டிக் குளிரில் அறையில் சும்மா வைத்தால் கிருமி வளராமல் தண்ணீர் நல்லதுபோலத் தோன்றிவிடும். ஃப்ரிட்ஜின் பின்பக்கம் மாதிரி கதகதப்பான இடத்தில் 48 மணி நேரம் வைக்கவேண்டும்.

வீட்டில் தாண்டிக்குடி அராபிகாவோ கோத்தகிரிக் கொட்டையோ வாங்கிக் காய்ச்சி, "கடை மாதிரி வரமாட்டேங்குது" என்று நினைப்பவர்களுக்கு ஒரு வழி. சமையல் சோடா 6.7 கிராமை ஒரு லிட்டரிலும், உணவுத் தரமான எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) 17 கிராமை இன்னொரு லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்து பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்ஓ தண்ணீர் என்றால் லிட்டருக்கு ஒவ்வொன்றிலும் 10 மில்லி, மலைக் குழாய்த் தண்ணீர் என்றால் 5 மில்லி. பித்தளை பில்டரை முதலில் வெந்நீரில் அலசிச் சூடாக்குங்கள், தூளை வழக்கத்தைவிடக் கொஞ்சம் நைசாக அரைக்கச் சொல்லுங்கள், தளதளவென்று கொதிக்கும்போதே ஊற்றி மூடிவிடுங்கள். சமவெளியில் செய்வதுபோல் அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் ஆறவிட்டால், இங்கே தண்ணீர் 90 டிகிரிக்குக் கீழே போய்விடும், டிகாஷன் வெளிறித்தான் இறங்கும்.